மழை பெய்தது சரி, கொள்கலன் ஏன் மழையில் சிக்கியது?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் கணவருடன் சேர்ந்து சமையல்கூடக் கருவிகளை இறக்குமதி செய்து விற்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

லிட்டில் இந்தியாவில் புதிதாகச் சைவ உணவகம் திறக்கவிருந்த ஒருவருக்குப் பெரிய மாவரைக்கும் கிரைண்டர்கள், எஃகு மேசைகள், நீராவி இட்லிப் பெட்டிகள் எல்லாம் சேர்த்து 68,000 வெள்ளிக்கு ஒப்பந்தம். முன்பணம் 27,200 வெள்ளி. நவம்பர் 30க்குள் சரக்கு கடையில் இறங்க வேண்டும். தவறினால் நாளுக்கு 400 வெள்ளி கழிக்கப்படும். கோயம்புத்தூர்ப் பட்டறை நவம்பர் 5ஆம் தேதி சரக்கைத் தருவதாகச் சொல்லியிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பத் தாமதமாகிவிட, 19ஆம் தேதிதான் தந்தது. தூத்துக்குடிக்குப் புறப்பட்ட லாரி பெருமழையில் மாட்டிக்கொண்டது; சாலை துண்டிப்பு, மழையால் துறைமுகப் பணிகள் நின்றது என்று ஒன்பது நாள் போனது. கொழும்பில் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்ததில் மேலும் பன்னிரண்டு நாள். சரக்கு வந்து சேர்ந்தது ஜனவரி 4.

உணவகக்காரர் சரக்கை இறக்கிக்கொண்டார், பொருத்திக்கொண்டார், ஆனால் மீதித் தொகையில் 35 நாளுக்கான 14,000 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். கார்த்திகையில் பால் காய்ச்சித் திறக்க இருந்த கடையை மார்கழியில் திறக்க முடியாமல் தைக்குத் தள்ளிவைத்ததால், ஒரு மாத வாடகை 12,000, சமையல்காரர்கள் சம்பளம் 6,000 என்று இன்னும் 18,000 வெள்ளி கேட்கிறார். "அண்ணா என்றுதான் அவரை அழைப்பேன். மழை பெய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? இது கடவுள் செயல் இல்லையா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மழைக்கு நீங்கள் பொறுப்பில்லை. அதில் உணவகக்காரருக்கேகூடச் சந்தேகம் இருக்காது. ஆனால் நீதிமன்றம் அந்தக் கேள்வியைக் கேட்காது. "இப்படி நடந்தால் நட்டம் யார் தலையில் என்று நீங்கள் இருவரும் முன்பே என்ன எழுதிக்கொண்டீர்கள்?" என்றுதான் கேட்கும். கட்டுக்கு மீறிய நிகழ்வு என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தானாக விடுவிக்கும் பொதுச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. கட்டுக்கு மீறிய நிகழ்வைக் குறிக்கும் 'ஃபோர்ஸ் மஜோர்' என்ற பிரெஞ்சுச் சொல் ஒப்பந்தங்களில் அடிக்கடி வருகிறது. அந்த விதிக்கு உயிர் கொடுப்பது உங்கள் தாளில் உள்ள வாசகம் மட்டுமே.

கோவிட் காலத்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாதவர்களுக்கு நிவாரணம் தந்த சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்று உங்கள் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். 2020இல் கொண்டுவந்த அந்தத் தற்காலிக ஏற்பாடு 2020 மார்ச் 25க்கு முன் கையெழுத்தான சில வகை ஒப்பந்தங்களுக்கானது. அதன் காலமும் முடிந்துவிட்டது.

உங்கள் ஒப்பந்தத்தின் 14ஆவது விதியை எங்கிருந்தோ நகலெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதைத் தமிழில் சொன்னால், "இயற்கைப் பேரிடர், போர், தொற்றுநோய், அரசு உத்தரவு, துறைமுக மூடல் போன்ற, முன்கூட்டி எதிர்பார்க்க இயலாத, கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் சரக்கு வழங்குவது தடைப்பட்டாலோ தாமதப்பட்டாலோ விற்பவர் பொறுப்பல்லர்; ஆனால் 7 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவித்தால் மட்டுமே இந்த விதி பொருந்தும்." இதில் 'தாமதப்பட்டாலோ' என்ற சொல் உங்களுக்கு வரம். இந்தோனீசியா 2007இல் மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே கான்கிரீட் விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் பல வழக்குகள் எழுந்தன. அவற்றுள் 2011இல் தீர்ப்பான ஒன்றில், விநியோகம் 'குலைந்தால்' என்ற பொருளில் ஒப்பந்தத்தில் ஒரு சொல் இருந்தது. வழங்குவது அடியோடு முடியாமல் போயிருக்க வேண்டும் என்று அந்தச் சொல் கோரவில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்றவரை விடுவித்தது. ஒரு வினைச்சொல்லின் மதிப்பு அவ்வளவு.

35 நாளும் ஒரே நிறமல்ல

கடிதம் முழுவதும் நீங்கள் "35 நாள் தாமதம்" என்றே எழுதுகிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அப்படிப் பார்க்க மாட்டார். 14, 9, 12 என்று மூன்று துண்டாக வெட்டுவார்.

முதல் 14 நாள் பட்டறையின் தாமதம். தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதை எதிர்பாராத நிகழ்வு என்று எந்த நீதிபதியிடமும் சொல்லிவிடாதீர்கள். நாட்காட்டியில் சிவப்பு மையில் அச்சாகியிருக்கும் நாள் அது. பட்டறையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். நீங்கள் அமர்த்தியவரின் பிழை, விதியில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, உங்கள் பக்கத்துப் பிழையாகவே எண்ணப்படும். போதாததற்கு, "மன்னிக்கவும் அண்ணா, கோயம்புத்தூரில் தாமதம் செய்துவிட்டார்கள்" என்று நீங்களே செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். 5,600 வெள்ளி போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த 9 நாள் மழை. இங்கே இரண்டு கேள்விகள். முதலாவது, அது எதிர்பார்க்க இயலாததா? வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. நவம்பரில் தென் மாவட்டங்களில் மழை என்பது செய்தியே அல்ல. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது பருவமழைக் கணக்கில் அடங்குவதல்ல. உங்கள் மழை இந்த இரண்டில் எதற்கு அருகில் இருந்தது என்பதை வானிலைப் பதிவும் துறைமுக அறிவிப்பும் சொல்லட்டும். உறவினர் அனுப்பிய வெள்ளக் காணொளி மனத்தை உருக்கும், ஆனால் சாலையும் துறைமுகமும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை மூடியிருந்தன என்று அது சொல்லாது.

இரண்டாவது கேள்விதான் உங்கள் வழக்கின் முள். நவம்பர் 5ஆம் தேதி சரக்கு வந்திருந்தால் 11ஆம் தேதிக் கப்பலில் ஏறியிருக்கும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். மழை தொடங்கியது 20ஆம் தேதி. அப்படியானால் உங்கள் கொள்கலன் மழையில் சிக்கியதற்கே காரணம் பட்டறையின் தாமதம்தானே? "பேரிடர் வந்திருக்காவிட்டால் இவர் நேரத்துக்குக் கொடுத்திருப்பாரா?" என்று கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் விலக்கு மறுப்பது நீதிமன்றங்களில் உள்ள போக்கு. 2019இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், அணை உடைந்ததைக் காரணம் காட்டிய சரக்கு அனுப்புநர் ஒருவரிடம் இதைத்தான் கேட்டது. அணை உடையாவிட்டாலும் அவர் அனுப்பியிருக்க மாட்டார் என்று கண்டு விலக்கை மறுத்தது. இங்கிலாந்துத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் மதிப்போடு படிக்கப்படும். விதியின் வாசகத்தைப் பொறுத்து முடிவு மாறலாம் என்பது உண்மை. என்றாலும் இந்த 9 நாளை முழு உறுதியோடு உங்கள் பக்கம் எழுதிவைக்க என் பேனா தயங்குகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். அந்த 11ஆம் தேதிக் கப்பல் உண்மையிலேயே தூத்துக்குடிக்கு வந்து புறப்பட்டதா என்று கப்பல் முகவரிடம் கேளுங்கள். அட்டவணையில் இருக்கும் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடுவது சாதாரணம். அது வரவில்லை என்றால் எதிர்த்தரப்பின் வாதத்தில் நல்ல ஓட்டை விழும்.

கடைசி 12 நாள் கொழும்பு. துறைமுக மூடல் வேறு, துறைமுக நெரிசல் வேறு. செங்கடலில் 2023 நவம்பர் முதல் கப்பல்கள் தாக்கப்பட்டு, அவை ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும் 2024 மே, ஜூன் மாதங்களில் நம் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே கொள்கலன் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் காத்து நின்றன. கெப்பல் முனையத்தில் மூடிய கப்பல்துறைகளை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் கண்ட பிறகு, இடைத்துறைமுகத்தில் காத்திருப்பது எதிர்பாராதது என்று வாதிடுவது கடினம். மழையால் இணைப்புக் கப்பல் தவறியதன் நேர் விளைவே இந்த 12 நாள் என்று காட்ட முடிந்தால் மட்டும், இதுவும் மழையோடு சேர்ந்து நிற்கும் அல்லது விழும்.

குரல் செய்தியும் ஏழு நாளும்

மழை தொடங்கிய இரண்டாம் நாளே நீங்கள் அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் செய்தி அனுப்பினீர்கள். எழுத்தில் அனுப்பியது 11ஆம் நாள், கப்பல் நிறுவன அறிவிப்பின் படத்தோடு. ஒப்பந்தம் கேட்பது 7 நாளுக்குள், எழுத்துமூலம். 'அறிவித்தால் மட்டுமே' என்று இருப்பதால் இது வெறும் சடங்கு அல்ல. தவறினால் பாதுகாப்பே போய்விடலாம். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்த செய்தியை எழுத்து என்று வாதிடலாம். குரல் பதிவை எழுத்து என்பது சிரமம்.

ஆனால் அந்தக் குரல் செய்திக்கு அவர் அனுப்பிய பதிலைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏதோ பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கிறீர்கள்: "சரிம்மா. மழையை யார் என்ன செய்ய முடியும். கப்பல் கிளம்பியதும் சொல்லுங்கள்." உங்கள் கையில் இருப்பதிலேயே கனமான தாள் இதுதான். செய்தி கிடைத்தது, புரிந்தது, முறையைப் பற்றி அவர் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. அதை நம்பி நீங்களும் ஏழு நாளுக்குள் வேறு அறிவிப்பு அனுப்பவில்லை. இப்போது வந்து "எழுத்தில் இல்லை" என்று சொல்ல அவரை அனுமதிப்பது நியாயமாகாது என்று வாதிட இது நல்ல அடித்தளம்.

சங்கடமான செய்திகளை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அவருடைய கைப்பேசியிலும் அவை இருக்கும். நீங்கள் அழித்தது தெரிந்தால் மன்னிப்புக் கேட்ட செய்தியைவிட அதுவே பெரிய கேடாகும். முழு உரையாடலையும் இன்றே சேமித்து வையுங்கள், அந்தக் குரல் பதிவையும்.

நாளுக்கு 400 வெள்ளி அபராதமா?

அபராதம் என்றால் செல்லாது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். பாதி சரி. ஒப்பந்தம் போடும்போது நட்டத்தை நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகை செல்லும். மிரட்டுவதற்காக எழுதிய தொகை செல்லாது. இங்கிலாந்து 2015இல் இந்த அளவுகோலைத் தளர்த்தியது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அந்த வழியில் போக மறுத்து, பழைய அளவுகோலையே வைத்துக்கொண்டது. உங்கள் விஷயத்தில் அது உதவாது. பேரம் பேசும்போது அவர் அனுப்பிய மின்னஞ்சலைப் பாருங்கள்: "வாடகை மாதம் 12,000. ஆகவே நாளுக்கு 400 போட்டுக்கொள்வோம்." 12,000ஐ 30ஆல் வகுத்திருக்கிறார். இதைவிட நேர்மையான மதிப்பீடு எங்கே கிடைக்கும்?

அதே மின்னஞ்சல் அவருடைய 18,000 வெள்ளிக் கோரிக்கையைக் கவிழ்க்கிறது. தாமதத்துக்கு இவ்வளவு என்று தொகையை நிர்ணயித்துக்கொண்டவர், அதே தாமதத்துக்கு அதற்கு மேலும் கேட்கப் பொதுவாக முடியாது. நாளுக்கு 400 என்பதற்குள்ளேயே வாடகை அடங்கியிருக்கிறது. மறுபடியும் வாடகை என்றால் ஒரே இட்லிக்கு இரண்டு பில்.

மார்கழி விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தம் மீறப்பட்டால், இயல்பாக விளையும் நட்டத்தையும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த சிறப்புச் சூழலால் விளையும் நட்டத்தையும் மட்டுமே கேட்கலாம் என்பது 1854இல் ஆங்கில நீதிமன்றம் வகுத்த விதி. ஓர் ஆலையின் உடைந்த இயந்திரத் தண்டு போய்ச்சேரத் தாமதமானதால் எழுந்த வழக்கு அது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றுகிறது. "மார்கழி பற்றி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் சொன்னார், எனவே எனக்குத் தெரியாது" என்கிறீர்கள். சகோதரி, தமிழ்ச் சைவ உணவகத்துக்குக் கிரைண்டர் விற்கும் நீங்கள், மார்கழியில் யாரும் பால் காய்ச்சுவதில்லை என்பது தெரியாது என்று சாட்சிக் கூண்டில் நின்று சொல்வீர்களா? அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். வாடகை ஏற்கெனவே 400க்குள் இருக்கிறது என்பதே போதுமான பதில்.

ஒப்பந்தமே செயலிழந்துவிட்டதாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் நீங்கள் விரும்ப மாட்டீர்கள். செயலிழப்பு என்றால் ஒப்பந்தத்தின் அடிப்படையே மாறிப்போயிருக்க வேண்டும். மணல் தடை வழக்குகளில் 2014இல் வந்த தீர்ப்பு ஒன்றில் அப்படி நடந்தது. இந்தோனீசிய மணல்தான் மூலப்பொருள் என்று இரு தரப்பும் எண்ணியிருந்தன, அது நின்றே போனது. வெறும் தாமதத்தையும் கூடுதல் செலவையும் வைத்து இந்த வாசலைத் திறக்க முடியாது. 1956இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடானிலிருந்து ஹாம்பர்குக்கு நிலக்கடலை அனுப்ப ஒப்புக்கொண்ட வியாபாரி அனுப்பாமல் இருந்துவிட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் தூரம் இரு மடங்குக்கு மேல். சுற்றித்தான் போயிருக்க வேண்டும் என்று, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

இன்னொன்று. ஒப்பந்தம் செயலிழந்தால் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். செலவுக்கென நீதிமன்றம் ஒரு பகுதியை அனுமதிக்கலாம், அவ்வளவே. முழு விலையில் 54,000 வெள்ளி உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதைப் பேச்சுக்கு இழுப்பானேன்?

சரக்குக் காப்பீடு பற்றியும் ஒரு வரி. வழக்கமான கடல்வழிச் சரக்குக் காப்பீட்டு விதிகள், மிக அகன்ற பாதுகாப்புத் தரும் வகை உட்பட, தாமதத்தால் வரும் நட்டத்தை விலக்கிவிடுகின்றன. கிரைண்டர் உடைந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

இனி

கடிதத்தின் ஓரத்தில், நெருக்கிய எழுத்தில், "எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பிடித்துவிடுவார்களா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் நிறுவனம், ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில், தனிப்பட்ட உத்தரவாதம் எதிலும் நீங்கள் கையெழுத்திடவில்லை என்கிறீர்கள். அப்படியானால் கடன் நிறுவனத்துடையது. தவிர, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற வீவக வீட்டைப் பறிமுதல் செய்யச் சட்டமே இடம் தருவதில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

14,000 வெள்ளி முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 5,600 உறுதியாக அவருடையது. மீதி 8,400 மேல்தான் சண்டை. அதிலும் நான் சொன்ன முள் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், 20 நாளுக்கான 8,000 வெள்ளியை ஏற்றுக்கொண்டு, 6,000 வெள்ளியைத் திருப்பித் தருமாறும் 18,000 வெள்ளிக் கோரிக்கையை எழுத்தில் கைவிடுமாறும் கேட்பேன். 4,500 கிடைத்தாலும் வாங்கிக்கொள்வேன். அப்படிக் கேட்டு அவருக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில், 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று பொருள்படும் 'without prejudice' என்ற வழக்கமான ஆங்கிலச் சொற்றொடரைப் போடுங்கள். சமரசத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுத்ததைப் பின்னர் ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்ட முடியாது.

அவர் ஒரு கேள்வி கேட்பார், தயாராக இருங்கள். உங்கள் காட்சிக்கூடத்தில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் சும்மா நின்றன என்கிறீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அவற்றைக் கடனாகக் கொடுத்திருந்தால் அவர் சிறிய அளவில் கடையைத் திறந்திருக்கலாம். கட்டுக்கு மீறிய நிகழ்வைக் காரணம் காட்டுபவர் தம்மால் இயன்றதைச் செய்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். உங்களுக்குத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. மேசைகளும் இட்லிப் பெட்டிகளும் இல்லாமல் திறந்திருக்க முடியாது என்றால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொகையில் கொஞ்சம் இறங்கி வாருங்கள்.

அவர் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை அங்கே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வாதாட அங்கே இடமில்லை. என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு இலாபம். இணையத்திலேயே பதிவு செய்யலாம், விசாரணைக்கு முன் பேசித் தீர்க்கவும் வழி உண்டு. ஆனால் நீங்கள் போனால் அவரும் தம் 18,000 வெள்ளியோடு அங்கே வருவார் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்ப் பட்டறையிடம் நீங்கள் கொடுத்த ஆர்டர் தாளில் 'நவம்பர் முதல் வாரம்' என்று மட்டும் இருக்கிறது. தவறினால் என்ன என்று ஒரு சொல் இல்லை. 5,600 வெள்ளிக்காக அங்கே வழக்குப் போடுவதில் பயனில்லை. அடுத்த ஆர்டரில் விலையைக் குறைத்து ஈடுகட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏப்ரலில் மறு ஆர்டர் கொடுக்கவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் சரக்கை ஒப்படைக்கும் தேதியையும், தவறினால் நாளுக்கு இவ்வளவு ரூபாய் என்பதையும் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள்.